ஒலுவிலுக்குப் போகும் பிள்ளையின் கைச்செலவு



பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் லயத்துக்கு வந்தால் அன்றைக்கு வீடே சந்தோஷப்படும். மறுநாளே "காசுக்கு என்ன செய்யிறது?" என்ற யோசனை வந்துவிடும். நம் பிள்ளைகளும் போய்ப் படிக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை வைத்து இதைப் பார்ப்போம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமான இது கல்முனைக்குத் தெற்கே ஒலுவிலில் இருக்கிறது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் உள்ளது.

இலவசக் கல்வி என்பதால் படிப்புக்குக் கட்டணம் இல்லை. சாப்பாடு, அறை வாடகை, பஸ் காசு, போட்டோக்கொப்பி இவைதான் செலவு. இதற்கு உதவ 1981 முதல் மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. அது கிடைக்காத, வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு நிதியுதவிக் கொடுப்பனவு உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த முன்மொழியப்பட்டது.

இங்கேதான் கவனம் வேண்டும். பிள்ளை வகுப்புக்குப் போன உடனே முதல் தவணை கைக்கு வராது. சில மாதம் ஆகலாம். அந்த மாதங்களில்தான் நகை அடகுக்குப் போகிறது, வட்டிக்குக் கடன் ஏறுகிறது. சில பிள்ளைகளுக்குப் படிப்பே வேண்டாம் என்றாகிவிடுகிறது.

இதைத் தவிர்க்க வழி உண்டு. உயர்தரப் பரீட்சை முடிந்து வளாகத்துக்குப் போகும்வரை பல மாதங்கள் கிடைக்கின்றன. அந்தக் காலத்தில் பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, சம்பளத்துக்குச் சம்பளம் முடிந்ததைப் போட்டு வையுங்கள். முதல் மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் அறை முற்பணத்துக்கும் அது உதவும். சம்பளச் சீட்டுகளை வீசிவிடாதீர்கள். வருமானத்தைக் காட்ட அவை தேவைப்படும். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே 1947இல் தொடங்கிய கல்வி நிதியம் ஒன்று இருக்கிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் அதைப் பற்றி விசாரியுங்கள்.

மாணவர்களுக்குச் சில வார்த்தை. கையில் வரும் பணத்தை மாதக் கணக்கில் பார்க்காமல் நான்கு வாரமாகப் பிரியுங்கள். ஒரு கொப்பியில் தினமும் செலவை எழுதுங்கள். ஊருக்கு வந்துபோகும் பஸ் காசை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். ஒலுவில், கல்முனைப் பக்கம் முஸ்லிம் ஊர்கள். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் அப்படித்தான். கூட்டாளிகளோடு சேர்ந்து சமைக்கப் பழகினால் செலவும் குறையும், அந்த மாதத்தில் பட்டினியும் இல்லை.

பட்டம் மட்டும் வேலை வாங்கித் தராது. விஞ்ஞானம், பொறியியல், முகாமைத்துவம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதனால் காத்திருக்கும் மாதங்களிலேயே ஆங்கிலமும் கம்பியூட்டரும் படிக்கத் தொடங்குங்கள். வளாகத்தில் சிங்களப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களோடு பேசிப் பழகினால் காசில்லாமலே சிங்களம் வரும். 2007 ஜூலை முதல் அரசாங்க வேலையில் சேருகிறவர்கள் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி.

இந்த வருடம் உயர்தரம் எழுதும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பெறுபேறு வரட்டும் என்று இருக்காதீர்கள். அடுத்த சம்பளத்திலேயே தொடங்குங்கள்.