சிக்னல்ல நின்னா வண்டி ஏன் சாகுது? அந்த ஸ்க்ரூவைத் தொடாதீங்க!

இந்த எபிசோடுக்குக் காரணம் வாலாஜாபாத்ல இருக்கிற என் காலேஜ் நண்பன். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ஷிஃப்ட் வேலை. போன மாசம் நைட் ஷிஃப்ட் முடிச்சு வரும்போது, ஒரு திருப்பத்துல ஆக்ஸிலரேட்டரை விட்டிருக்கான். இன்ஜின் அப்படியே ஆஃப். பின்னாடி கன்டெய்னர் லாரி. அந்த ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும், அங்க நடு ரோட்டுல வண்டி நின்னா என்ன ஆகும்னு. லாரி டிரைவர் பிரேக் போட்டதால தப்பிச்சான். "மச்சான், காலையில ஸ்டார்ட் பண்ணா சூப்பரா நிக்குது, சூடானதும் சாகுது"ன்னான். இந்த ஒரு வரியிலயே பாதி விடை இருக்கு.

பழைய கார்புரேட்டர் வண்டியில ஐடில் குறைஞ்சா, ஒரு ஸ்க்ரூவைத் திருகினா போதும். 2020 ஏப்ரல் 1-ல பிஎஸ் 6 வந்த பிறகு, விக்கிற வண்டிகள்ல பெரும்பாலானவை எஃப்ஐ. இதுல ஆக்ஸிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் பாடிக்குள்ள இருக்கிற பட்டர்ஃபிளை வால்வு மூடிக்கும். இன்ஜின் உயிரோட இருக்கத் தேவையான காற்று பக்கத்துல ஒரு சின்னச் சந்து வழியா போகும். அந்தச் சந்தைத் திறந்து மூட பல வண்டிகள்ல ஒரு ஸ்டெப்பர் மோட்டார் இருக்கு. இன்ஜின் சூடு, ஆர்பிஎம் எல்லாத்தையும் பார்த்து ஈசியூ அதை ஓட்டுது. (சில சின்ன வண்டிகள்ல மோட்டார் கிடையாது, காற்றுக்கு ஒரு ஸ்க்ரூ மட்டும்தான். உங்க வண்டி எந்த வகைன்னு முதல்ல பார்த்துக்கோங்க.)

இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது ஈசியூ சந்தை நல்லா திறந்து வைக்கும். கொஞ்சம் கார்பன் படிஞ்சிருந்தாலும் தெரியாது. சூடானதும் கிட்டத்தட்ட மூடிடும். அப்போ அதே கார்பன் மிச்சம் இருக்கிற வழியையும் அடைச்சுடும். கார்பன் எங்கிருந்து வருதுன்னா, கிராங்க்கேஸ்ல இருந்து வர்ற ஆயில் ஆவியும் ஏர் ஃபில்டரைத் தாண்டி வர்ற தூசியும் சேர்ந்துதான். ஒரகடம் ரோட்டுல தூசிக்குப் பஞ்சமா?

"அப்போ இன்ஜின் செக் லைட் ஏன் எரியல?" நண்பன் கேட்ட நல்ல கேள்வி. நம்ம மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். பொதுவா இந்த மோட்டார்ல அது எங்க நிக்குதுன்னு சொல்ற சென்சார் இருக்காது. "40 ஸ்டெப் நகரச் சொன்னேன், நகர்ந்திருக்கும்"னு ஈசியூ எண்ணிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். வயர் அறுந்தா கண்டுபிடிச்சிடும். பிசுக்குல சிக்கினாலோ, சந்து அடைச்சாலோ அதோட கணக்குல எல்லாமே சரி. புரொடக்‌ஷன்ல சர்வர் செத்துக் கிடக்க, டேஷ்போர்டுல பச்சை லைட் எரியுற கதைதான்.

நண்பன் முதல்ல போன கடையில, பெயின்ட் வச்சு சீல் பண்ணின த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகிட்டாங்க. பட்டர்ஃபிளை கொஞ்சம் திறந்தே நின்னுச்சு. ஒரு வாரம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஆர்பிஎம் ஏறி ஏறி இறங்க ஆரம்பிச்சது. ஏன்னா, த்ராட்டில் மூடியிருக்குன்னு சென்சார் சொன்னாத்தான் ஈசியூ ஐடில் வேலையைக் கையில எடுக்கும். ஸ்க்ரூவைத் திருகினதும் அந்த அளவே மாறிடுச்சு. ஒரு கோளாறு இப்போ ரெண்டு ஆச்சு.

அப்போ என்ன பண்ணணும்? பேட்டரி வோல்டேஜ், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், த்ராட்டில் கேபிள்ல கொஞ்சம் தளர்ச்சி இருக்கா, இதெல்லாம் பத்து நிமிஷ வேலை. ஐடில் குறையாம, எப்பவும் அதிகமாவே நின்னா சந்தேகம் வேற பக்கம்: த்ராட்டில் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் பைப் வெடிச்சு, கணக்குல வராத காற்று உள்ள போகலாம். இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்புல லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க. சத்தம் மாறினா ஓட்டை அங்கதான். சிலர் பெட்ரோல் அடிச்சுப் பார்ப்பாங்க. சூடான இன்ஜின் மேல அதைச் செய்யவே கூடாது.

நண்பனோட அறிகுறிக்கு த்ராட்டில் பாடியைக் கழற்றி க்ளீன் பண்றதுதான் வழி. த்ராட்டில் பாடி க்ளீனரைத் துணியில அடிச்சுத் துடைக்கணும், ஸ்க்ரூ டிரைவரால சுரண்டக் கூடாது. மோட்டார் முனையைக் கையால இழுக்கவோ திருப்பவோ வேண்டாம். திரும்ப மாட்டினதும் மேனுவல்ல சொன்னபடி ஐடில் ரீசெட் பண்ணணும், இல்லன்னா ஈசியூ பழைய கணக்கையே வச்சிருக்கும். சூடு தணியாம இருக்கும்போதும் சாகுதுன்னா, வால்வு கிளியரன்ஸையும் பார்க்கச் சொல்லுங்க. டைட்டான வால்வும் இதே மாதிரி நடிக்கும்.

நண்பனுக்கு க்ளீனிங் அரை மணி நேரத்துல முடிஞ்சது. திருகின ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டு வரத்தான் ஸ்கேனர் மாட்டி, த்ராட்டில் சென்சார் அளவைப் பார்த்துப் பார்த்து ஒரு மதியம் முழுக்க ஆச்சு.