திசை காட்டும் திரை தடுமாறினால்...

சென்னையிலிருந்து வரும் விமானம் கடலைத் தாண்டிப் பலாலியை நெருங்குங்கால், முதலில் வெண்மணற் கரை தோன்றும். அடுத்த கணமே வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களும் பனங்கூடல்களும் எம்மை வரவேற்கும். சாளரத்தோரம் அமர்ந்து அக்காட்சியில் நாம் மயங்கியிருக்கும் வேளையில், விமானியோ தம்முன் ஒளிரும் திரைகளையே பெரிதும் நோக்கியிருப்பார். போகும் திசை, நிற்கும் இடம், பறக்கும் உயரம், வேகம் யாவும் அவற்றிலேயே உள. அத்திரை ஒருநாள் பொய் சொன்னால் யாது நிகழும்?

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். சென்னைக்கும் பலாலிக்கும் இடைத்தூரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். பலாலி சென்னைக்கு ஏறத்தாழ நேர் தெற்கே உள்ளது. திசை ஒரு பாகை பிசகினால், முடிவில் விமானம் ஆறு கிலோமீற்றர் விலகி நிற்கும். பத்துப் பாகை பிசகினால் அறுபது கிலோமீற்றருக்கு மேல்! மேற்கே பிசகின், பலாலியைக் காண வேண்டிய இடத்தில் பாக்கு நீரிணையின் நடுக்கடலே காட்சி தரும்.

ஊசியிலிருந்து திரைக்கு

வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், மாகடல்களைக் கடந்து 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மின்திரை என்பதையே அறியாத காலம் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பலாலியில் விமானத்தளம் எழுந்தது. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னை சென்றது. அந்த டக்கோட்டா விமானத்தில் இருந்தவை வட்ட முகங் கொண்ட முட்கருவிகளே.

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. அதன்பின் இங்கு இறங்கிய ஏ.ரி.ஆர். 72-600 வகை விமானங்களின் ஓட்டியறையில் ஐந்து பெருந்திரைகள் உள்ளன. இருவர் நால்வர் செல்லும் சிறு விமானங்களுக்கும் இவ்வசதி வந்துவிட்டது. 2004இல் சிறு விமானங்களிற் புகுந்த கார்மின் ஜி1000 என்னும் அமைப்பு, பழைய முட்கருவிகள் பலவற்றின் வேலையை இரண்டு திரைகளுக்குள் அடக்கியது.

திரை ஓர் எழுதுவினைஞர்

மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. திரை தானாக எதனையும் அறிவதில்லை. அது நீதிமன்றத்து எழுதுவினைஞர் போன்றது; சாட்சிகள் கூறுவதை எழுதிவைப்பதே அதன் பணி. சாட்சிகளோ வேறிடங்களில் உளர். விமானம் நிற்கும் இடத்தைச் செய்மதிகள் அனுப்பும் ஜி.பி.எஸ். அலைகள் கூறும். அதன் சாய்வையும் திரும்புதலையும் நுண்ணிய சுழல்மானிகள் உணர்த்தும். வேகத்தையும் உயரத்தையும் காற்றழுத்தம் தெரிவிக்கும். மூக்கு எத்திசையை நோக்குகிறது என்பதைப் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி சொல்லும்.

இவருள் எளிதில் ஏமாறும் சாட்சி காந்தமானியே. ஆதலாற்றான் அதனை இயந்திரத்துக்கு எட்டவாக, பெரும்பாலும் இறக்கையினுள் அமைக்கிறார்கள். அவ்விடத்தில் காந்தமேறாத திருகாணிக்குப் பதிலாக உருக்குத் திருகாணி ஒன்றை மாட்டிவிட்டாலே திசை பிறழக்கூடும். இறக்கை விளக்கின் கம்பியில் ஓடும் மின்சாரமும் அதனைக் கலைக்கும்.

எமது ஆய்வுகூடத்தில் ஒருமுறை, மாணவர் குழுவொன்றின் திசைகாட்டி தொடர்ந்து பிழையான அளவீட்டையே தந்தது. கருவி பழுதென்று அனைவரும் தீர்ப்புக் கூறிவிட்டனர். ஈற்றில், குறிப்புப் புத்தகத்தின் அடியில் இருந்த கைத்தொலைபேசி அகப்பட்டது. அதன் ஒலிபெருக்கியிலுள்ள சிறு காந்தமே குற்றவாளி; திசைகாட்டி நிரபராதி!

பழுதா, காற்றா?

பழுது போலத் தோன்றுவன எல்லாம் பழுதல்ல. சிறு விமானமொன்று 100 நொட் வேகத்தில் தெற்கு நோக்கி வருவதாகக் கொள்வோம். தென்மேற்கிலிருந்து 20 நொட் வேகத்திற் சோளகம் வீசுகிறது. வழி பிசகாதிருக்க விமானி மூக்கை எட்டுப் பாகையளவு மேற்கே திருப்பிப் பிடித்தல் வேண்டும். அப்போது காந்தமானி காட்டும் திசை ஒன்று, ஜி.பி.எஸ். காட்டும் வழி வேறொன்று. இரண்டும் உண்மையே. ஓடக்காரன் நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றே சரித்து வள்ளத்தைச் செலுத்துவது போன்றதே இது.

காற்றுக்குப் பொருந்தாத வேறுபாடு தோன்றினாலேயே ஐயம் எழ வேண்டும். அப்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலாவது, விமானத்தை நேராகவும் மட்டமாகவும் பறக்க வைத்தல். இரண்டாவது, மூன்றாம் சாட்சியை விசாரித்தல்: மின்சாரம் வேண்டாத பழைய திசைகாட்டி ஒன்று ஓட்டியறையில் இன்றும் இருக்கிறது. மூன்றாவது, கெட்டது எது என்று பிரித்தறிதல். திரை முழுவதும் இருண்டால் மின்வழங்கலையோ திரையையோ ஐயுறலாம். மற்றத் திரைக்குத் தகவல்களை மாற்றிக்கொள்ள வழியுண்டு. ஓர் அளவின்மேல் மட்டும் செந்நிறப் பெருக்கற் குறி விழுந்தால், அவ்வளவைத் தரும் சாட்சி வாய்மூடிவிட்டார் என்பது பொருள்.

எஞ்சியது தரையிற் செய்யும் வேலை. விமானம் நின்ற இடத்துக் கொங்கிறீட்டினுள் இருக்கும் இரும்புக் கம்பியே திசையைக் கெடுப்பதுண்டு. அவ்விடம் விட்டு நகர்த்தினால் பிழை மறையும். மறையாவிடின் பொறியியலாளர் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றி, எதனை ஏற்றுகையில் திசை அசைகிறது என்று பார்ப்பார். ஒரேவகைக் கருவிகள் இரண்டு இருப்பின் இடம் மாற்றிப் பொருத்துவார். பழுது கருவியோடு கூடச் சென்றால் குற்றம் கருவியினது. பழைய இடத்திலேயே தங்கினால் குற்றம் கம்பியினது அல்லது இணைப்பினது. எமது குடாநாடு போன்ற கடலோர இடங்களில் உப்புக் காற்றால் இணைப்புகளிற் களிம்பேறுதலும் சாதாரணம். விலையுயர்ந்த கருவியைக் கழற்றியெறியுமுன் இணைப்பைத் துடைத்துப் பார்த்தல் சிக்கனம்.

நூற்றிரண்டு உயிர்கள்

இவ்வொழுங்கில் முதற்படியை மறந்தால் விளைவு என்ன? 2007 சனவரி 1ஆந் திகதி இந்தோனேசியாவில் அடம் எயர் நிறுவனத்தின் போயிங் 737 விமானமொன்று சுரபாயாவிலிருந்து மனாடோவுக்குப் புறப்பட்டது. இடமும் திசையும் காட்டும் அதன் இரு அமைப்புகள் தம்முள் முரண்பட்டன. விமானிகள் இருவரும் அப்பழுதைத் தேடுவதிலேயே மூழ்கினர். ஓர் ஆளியை அவர்கள் மாற்றியபோது தன்னியக்க ஓட்டி விலகிக்கொண்டது. விமானம் மெல்லமெல்ல வலப்புறம் சாயலாயிற்று. காலத்தோடு அதனைத் திருத்துவார் இல்லை. கடலில் வீழ்ந்த அவ்விமானத்தில் இருந்த 102 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதே பழுது முன்னரும் பன்முறை பதிவாகியும் முற்றாகத் தீர்க்கப்படாதிருந்தது என்று விசாரணை காட்டிற்று.

கெட்டது திசை காட்டும் கருவி. விமானமோ பறக்கத்தக்க நிலையிலேயே இருந்தது. கருவியைக் காப்பாற்ற முனைந்தோர் விமானத்தை மறந்தனர்.

மாணவச் செல்வங்களுக்கு இதிற் பாடம் இரண்டுண்டு. ஒரே சாட்சியின் சொற்கேட்டுத் தீர்ப்புக் கூறாதிருத்தல் ஒன்று. சிறு பழுதொன்றை ஆராயும்போதும் கையிலுள்ள பெரும் பொறுப்பை விடாதிருத்தல் மற்றொன்று. அடுத்த முறை பலாலியில் இறங்குகையில், ஓட்டியறையின் திரைகளை மட்டுமன்றி, அவற்றை ஐயுறவும் தெரிந்து அமர்ந்திருக்கும் மனிதரையும் நன்றியோடு நினைப்போமாக.