நாலு மில்லிமீட்டர் ஓட்டை

"அண்ணே, ஐடிலிங் நிக்க மாட்டேங்கு, கொஞ்சம் ஏத்தி வையுங்க."

பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கார்புரேட்டர் காலத்தில் வைத்தியம் சுலபம். ஸ்க்ரூடிரைவரை எடுத்து அரைச் சுற்று திருகி, சத்தத்தைக் கேட்டு விட்டுவிடலாம். காரில் இன்ஜெக்‌ஷன் வந்து ரொம்ப வருஷமாச்சு. 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 விதி வந்தபிறகு பைக்கிலும் அதுதான். ஸ்க்ரூடிரைவர் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த அரைச் சுற்று என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. 1 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஐடிலிங் 800 ஆர்பிஎம். நாலு ஸ்ட்ரோக் என்பதால் நிமிடத்துக்கு 400 தடவை ஒவ்வொரு லிட்டராக இழுக்கும். ஆனால் காலை எடுத்துவிட்டால் பட்டர்ஃபிளை ஏறத்தாழ மூடிவிடும். மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும். எல்லாம் போட்டுப் பார்த்தால் நொடிக்கு ஏறக்குறைய 2 கிராம் காற்று வருது. இந்த 2 கிராமுக்குத் தேவையான வழி, சுமார் 12 சதுர மில்லிமீட்டர். அதாவது 4 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஓட்டை. இன்ஜின் முழுக்க அந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு விடுகிறது.

இன்னொரு சங்கதி. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் 53 சதவீதத்துக்குக் கீழே போனால், இடுக்கில் பாயும் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் உள்ளே எவ்வளவு உறிஞ்சினாலும் காற்று கூடாது. ஐடிலிங்கில் நிலைமை இதுதான். ஆகவே காற்றின் அளவை முடிவு செய்வது இடுக்கின் அகலமும் வெளிக்காற்றின் அழுத்தமும் மட்டுமே. கம்ப்யூட்டருக்கு இது பெரிய வசதி. 'இவ்வளவு திறந்தால் இவ்வளவு காற்று' என்று ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே காரணத்தால் அழுக்கும் பெரிய விஷயமாகிவிடுகிறது. 44 மி.மீ. த்ராட்டில் பாடி என்றால் சுற்றளவு 138 மி.மீ. அந்த 12 சதுர மில்லிமீட்டரைச் சுற்றிலும் பரப்பினால் இடுக்கு 0.09 மி.மீ.கூட வராது. அதில் 0.02 மி.மீ. கரி படிந்தால் வழியில் கால்வாசி போச்சு! ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கம்ப்யூட்டர் மெதுவாக அந்த அளவுக்குக் கூடுதலாகத் திறந்து, அதையே நினைவிலும் வைத்துக்கொள்கிறது. அப்புறம் ஒருநாள் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்வோம். கரி போய்விட்டது, கூடுதல் திறப்பு போகவில்லை. ஐடிலிங் 1500-க்கு ஏறி நிற்கும். 'சுத்தம் பண்ணினதுல சென்சார் போயிடுச்சு' என்று பழி வரும். பெரும்பாலும் சென்சாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்கேனரை மாட்டிப் பழைய கற்றலை அழித்து, மறுபடி கற்க விட்டாலே அடங்கிவிடும்.

அடங்குவதற்குள் ஸ்க்ரூவில் கை வைப்பதுதான் வினை. கேபிள் த்ராட்டில் வண்டியில் ஸ்க்ரூவை ஏற்றினால் பட்டர்ஃபிளை சற்றே திறந்து நிற்கும். த்ராட்டில் சென்சார் அதைப் பார்த்து 'ஆக்சிலேட்டரில் கால் இருக்கு' என்று சொல்லும். கம்ப்யூட்டர் ஐடிலிங் வேலைக்கே வராது! சத்தம் சரியாக இருக்கும். ஏசி போட்டால் வண்டி ஆஃப் ஆகும். நின்ற இடத்தில் ஆஃப் ஆனால் எரிச்சல், அவ்வளவுதான். கீரிப்பாறைப் பக்கத்து இறக்கத்தில் கிளட்சை மிதித்த நேரம் ஆஃப் ஆனால்? பிரேக் பூஸ்டரில் சேர்ந்திருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதற்கப்புறம் மிதி கல்லாகிவிடும். ஃபேக்டரியில் அந்த ஸ்க்ரூவில் பெயின்ட் வைத்து விடுவது சும்மா இல்லை, கேட்டேளா.

இனி டியூனிங். ஸ்பீடுயினோ மாதிரி திறந்தமூல இசியுவைப் பழைய காரில் மாட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் ஐடிலிங்தான். முழு த்ராட்டிலில் ஓட வைப்பதைவிட இது கஷ்டம். காரணம், தாமதம்.

தோவாளை சானலை நினைத்துக்கொள்ளுங்கள். கடைமடையில் தண்ணி போதவில்லை என்று தகவல் வந்து, தலைமடையில் ஷட்டரைத் தூக்குகிறார்கள். தண்ணி போய்ச் சேர நேரமாகும். அதற்குள் 'இன்னும் வரல' என்று இன்னொரு சத்தம், இன்னும் தூக்குகிறார்கள். கடைசியில் வந்து சேரும்போது வரப்பு உடைகிற அளவுக்கு வரும். உடனே இறக்குவார்கள், மறுபடி வறட்சி. 800 ஆர்பிஎம்மில் ஒரு சுழற்சிக்கு 150 மில்லிவினாடி ஆகிறது. வால்வைத் திறந்தபின் மேனிஃபோல்டு நிரம்பி, காற்று சிலிண்டருக்குள் போய் எரிந்து சக்தியாக மாறச் சில சுழற்சிகள் வேண்டும். அவசரப்பட்டுத் திருத்தும் கம்ப்யூட்டர் 'ஊம்ம்... ஊம்ம்...' என்று வண்டியை ஊஞ்சலாட்டும். மெக்கானிக்குகள் சொல்லும் ஹண்டிங் இதுவே.

ஆகையால் திருத்தும் வேலையை முதலில் அணைத்துவிட வேண்டும். இதைத்தான் ரொம்பப் பேர் செய்வதில்லை. திருத்தம் ஓடிக்கொண்டிருந்தால் அட்டவணையில் எவ்வளவு பிழை இருந்தாலும் அது மூடி மறைத்துவிடும். ஒருநாள் எல்லையைத் தொட்டு நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும். இக்னிஷன் டைமிங்கையும் ஒரே இடத்தில் பூட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபின் எந்தத் திறப்பில் 800 நிற்கிறது என்று கையால் தேடி எழுதுங்கள். பிறகு ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட், ஏசி என்று ஒவ்வொன்றாகப் போட்டு, எவ்வளவு கூடுதல் காற்று வேண்டும் என்று பாருங்கள். ஏசி கம்ப்ரஸர் கிளட்ச் ஒட்டுவதற்கு ஒரு கணம் முன்பே காற்று வர வேண்டும். ஆர்பிஎம் விழுந்தபிறகு தருவதில் பிரயோஜனம் இல்லை.

எரிபொருள் அட்டவணையையும் இங்கே கவனியுங்கள். வரும் காற்று மாறாமல் இருக்க, வேகம் குறைந்தால் ஒவ்வொரு சுழற்சிக்கும் கிடைக்கும் காற்று கூடும். இன்ஜின் தானே எழுந்து நிற்கப் பார்க்கும். ஆனால் 800-க்குக் கீழே இருக்கும் கட்டங்களில் எரிபொருள் குறைவாகப் போட்டிருந்தால், எழும் நேரம் பார்த்துக் காலை வாரிவிடும். ஐடிலிங்கைச் சுற்றியுள்ள கட்டங்கள் மேடு பள்ளம் இல்லாமல் இருப்பது நல்லது.

கடைசியாக டைமிங். காற்று மெதுவானது, ஸ்பார்க் அடுத்த வெடிப்பிலேயே வேலை செய்யும். அதனால்தான் ஐடிலிங்கில் டைமிங்கை வேண்டுமென்றே சற்றுப் பின்னால் வைப்பார்கள். அதிகபட்ச சக்தி தரும் இடம் 25 டிகிரி என்றால் 12-இல் ஓடவிட்டு, மிச்சத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது. வேகம் விழுந்தால் முன்னே தள்ளு, ஏறினால் பின்னே இழு. சின்ன ஆட்டத்தை ஸ்பார்க் பார்த்துக்கொள்ளட்டும். காற்று வால்வின் திருத்தத்தைக் கொஞ்சமாக, மெதுவாக இயக்கினால் போதும்.

குளிர் காலக் கட்டங்களுக்கு நம்ம ஊரில் அவ்வளவு மெனக்கெட வேண்டாம். இன்ஜின் மைனஸ் 10-இல் இருந்தால் எவ்வளவு காற்று என்று அட்டவணை கேட்கும். பூதப்பாண்டியில் மார்கழி விடியலில்கூட அந்தப் பக்கம் போக வாய்ப்பில்லை. பக்கத்துக் கட்டத்தை ஒட்டி ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகரலாம். ஆனால் இங்கே செட் பண்ணின வண்டியைக் கொடைக்கானலுக்கு ஓட்டிப் போவதாக இருந்தால் காற்றழுத்தத் திருத்தத்தைச் சரிபாருங்கள். 2100 மீட்டர் உயரத்தில் அதே ஓட்டை வழியாக இங்கே வருவதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான் காற்று வரும்.