கோடு தவறும் கத்தி

பிள்ளைக்கு லுகேமியா என்று மருத்துவர் சொன்னதும், ஜொகூர் பாருவானாலும் குளுவாங்கானாலும், குடும்பத்தில் முதலில் எழுவது ஒரே கேள்விதான்: "இது யார் வழியில் வந்தது?" போதாக்குறைக்கு, தாவும் மரபணுக்கள்தான் புற்றுநோயைக் கொண்டுவருகின்றன என்ற பரபரப்புச் செய்திகள் வேறு.

முதலில் பரபரப்பைத் தணிப்போம். நம் டிஎன்ஏவில் ஏறத்தாழ பாதி, இடம்விட்டு இடம் தாவிய துண்டுகளின் எச்சம். இன்னும் தாவும் வலுவுள்ள லைன்-1 துண்டுகள் ஒருவருக்கு 80 முதல் 100 வரைதான். குடல், நுரையீரல் கட்டிகளில் அவை தாவிய தடங்கள் நிறையக் கிடைக்கின்றன. ரத்தப் புற்றுநோயில் நிலைமை வேறு. மைலாய்டு லுகேமியா அணுக்கள் லைன்-1ஐ அடக்கிவைத்தே பிழைக்கின்றன என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த அடக்குமுறையைக் குலைத்தால் லுகேமியா அணுக்கள்தான் நலிகின்றன. இது இன்னும் ஆய்வுக்கூட அளவிலான முடிவு. இதை வைத்து யாராவது மருந்து விற்றால் வாங்காதீர்கள்.

தாவும் மரபணுக்களை 1940களில் மக்காச்சோளத்தில் கண்டவர் பார்பரா மெக்லின்டாக். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

என்னை வியக்கவைப்பது ராக் என்ற நொதியிணை. சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மீன் மூதாதையரின் டிஎன்ஏவில் குடியேறிய தாவும் துண்டு ஒன்று, தாவுவதை விட்டுவிட்டு வேலைக்காரனாக மாறியது. அதன் வேலை வெட்டுவது. பால்மரத்தில் கோடு கிழித்த இடத்தில்தான் கத்தி இறங்க வேண்டும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வளரும் வெள்ளணுவிலும் அப்படியே. குறியிட்ட இடத்தில் ராக் வெட்டுகிறது, நடுத்துண்டு கழிகிறது, முனைகள் ஒட்டுகின்றன. ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் தற்செயலாகச் சேர்கின்றன, வெட்டிய பட்டை மீண்டும் வளரும்போது மரத்துக்கு மரம் வேறு தழும்பு விழுவதைப் போல. சில நூறு துண்டுகளிலிருந்து கோடிக்கணக்கான எதிர்ப்பொருள்கள் பிறப்பது இப்படித்தான்.

விடியுமுன் நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் மரம் சீவுபவருக்கு, பட்டையின் சுருக்கம் ஒன்று கோடாகத் தோன்றலாம். ராக்கும் ஏமாறுகிறது. குறியை ஒத்த எழுத்துகள் வேறு மரபணுவில் இருந்தால் அங்கேயும் வெட்டிவிடுகிறது. குழந்தைகளின் லுகேமியாவில் பரவலான ஒரு வகையில், ஈடிவி6, ரன்எக்ஸ்1 என்ற இரு மரபணுக்கள் பெரும்பாலும் கருவிலேயே ஒட்டிக்கொள்கின்றன. அதனால் மட்டும் நோய் வருவதில்லை. பின்னர் ராக் தவறி வெட்டும் வெட்டுகளே பல குழந்தைகளில் நோயை முற்றவைக்கின்றன என்று 2014இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

அதே தழும்பு மருத்துவருக்கு அடையாளமும் ஆகிறது. ஒரே அணுவிலிருந்து பெருகியவை என்பதால் நோயணுக்கள் எல்லாவற்றிலும் ஒரே தழும்பு இருக்கும். பத்தாயிரம் அணுக்களில் ஒன்று ஒளிந்திருந்தாலும் பிசிஆர் சோதனை கண்டுபிடித்துவிடும். மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 ஆய்வு இதைத்தான் பயன்படுத்தியது. 556 குழந்தைகளில், நோயணுக்கள் விரைவாக மறைந்தவர்களுக்கு மருந்தின் கடுமை குறைக்கப்பட்டது. குறைத்தும் பலன் கெடவில்லை. மொத்தக் குழந்தைகளில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் 6 ஆண்டு கடந்தும் உயிர் வாழ்ந்தார்கள் என்று 2012இல் முடிவு வெளியானது. புதுமருந்து எதுவும் இல்லாமல், இருக்கும் மருந்தை அளந்து கொடுத்ததன் வெற்றி இது. பரபரப்புச் செய்திகளில் இதற்கு இடம் கிடைப்பதில்லை; கிடைக்க வேண்டும்.

ஆகவே யார் வழி என்ற விசாரணை வேண்டாம். அரிதாகச் சில குடும்பங்களில் பரம்பரைக் காரணம் இருப்பதுண்டு. அதை மருத்துவர் சோதித்துச் சொல்வார். மற்றபடி, தாயின் சாப்பாடோ தந்தையின் வம்சமோ இதற்குப் பொறுப்பல்ல. நம்மை நோயிலிருந்து காக்கும் கத்தியே ஓர் அணுவில் தடம் மாறியிருக்கிறது. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "சிகிச்சை தொடங்கிய பிறகு எஞ்சிய நோயணு எவ்வளவு?" அடுத்த மருந்தின் அளவை முடிவு செய்வதில் அந்த எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு.