தன் தவற்றைத் தானே காட்டும் கணக்கு

பெல்ஜியம் நாட்டின் ஸ்கார்பேக் நகரில் 2003ஆம் ஆண்டு மே மாதம் தேர்தல் நடந்தது. வாக்குகளைக் கணிப்பொறி எண்ணியது. ஒரு வேட்பாளருக்கு விழுந்திருக்கவே முடியாத அளவு வாக்குகளை அது காட்டியது. மீண்டும் எண்ணியபோது, முதலில் 4096 வாக்குகள் மிகையாகக் காட்டப்பட்டது தெரிந்தது.

4096 என்பது 2-இன் 12ஆம் அடுக்கு. கணிப்பொறி எண்களை 0, 1 என்னும் பிட்டுகளாக வைத்திருக்கிறது. வலமிருந்து 13ஆவது பிட் 0 என்பதிலிருந்து 1 ஆக மாறினால், எண் சரியாக 4096 கூடிவிடும்! புரோகிராமில் தவறு எதுவும் அகப்படவில்லை. காஸ்மிக் கதிர் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது, நிரூபிக்க வழியில்லை. ஆனால் அத்தகைய கதிர்களால் உண்டாகும் துகள், சிலிக்கான் சில்லில் பாய்ந்து ஒரு பிட்டை மாற்ற முடியும் என்பது உண்மை. சில்லு பழுதாகாது, விடை மட்டும் தவறாகும்.

இதற்கு என்ன வழி? ஒரே கணக்கை மூன்று முறை செய்து, பெரும்பான்மை விடையை ஏற்கலாம். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் கணிப்பொறியில் தர்க்கச் சுற்றுகள் இவ்வாறே மும்மடங்காக அமைந்திருந்தன. ஆனால் வேலையும் மும்மடங்காகிறது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹுவாங், ஆபிரகாம் இருவரும் 1984இல் சிக்கனமான வழி ஒன்றை வெளியிட்டனர். சோதனையைக் கணக்கிற்குள்ளேயே வைத்துவிடுவதுதான் அது.

இரண்டு அணிகளைப் பெருக்குவோம். முதல் அணியின் நிரைகள் (1, 2), (3, 4). அதன் அடியில் நிரல்களின் கூட்டுத்தொகையான (4, 6) என்பதைச் சேருங்கள். இரண்டாம் அணியின் நிரைகள் (5, 6), (7, 8). அவற்றின் கூட்டுத்தொகைகளான 11, 15 ஆகியவற்றை வலப்பக்கம் சேருங்கள். இப்போது பெருக்கினால்:

19   22 | 41
43   50 | 93
62   72

(வலப்பக்க அடிமூலை எண்ணை விட்டுவிட்டோம்.) 41, 93, 62, 72 ஆகியவை பெருக்கலிலேயே கிடைத்தவை. ஆயினும் அவை விடையின் நிரை, நிரல் கூட்டுத்தொகைகளாகவே இருப்பதைப் பாருங்கள்!

ஒரு பிட் மாறி, 50 என்பது 54 ஆகிவிட்டதாகக் கொள்வோம். இரண்டாம் நிரையின் கூட்டுத்தொகை 97, வரவேண்டியது 93. இரண்டாம் நிரலின் கூட்டுத்தொகை 76, வரவேண்டியது 72. ஆகவே அவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தவறு. மிகையான 4ஐக் கழித்தால் 50 கிடைத்துவிடும். மீண்டும் பெருக்க வேண்டியதே இல்லை.

நூறு நிரைகளும் நூறு நிரல்களும் கொண்ட அணிகளுக்கு இம்முறையில் பெருக்கல்கள் சுமார் 2 சதவீதமே கூடும். மூன்று முறை செய்வதானால் 200 சதவீதம் கூடும்!

பல தவறுகள் ஒருங்கே நேர்ந்தால் இந்த முறையும் ஏமாறக்கூடும். 41, 93, 62, 72 ஆகியவற்றைத் தொடாமல், மற்ற எண்களில் குறைந்தது எத்தனையை மாற்றினால் எல்லாச் சோதனைகளையும் ஏமாற்றலாம்? நீங்களே செய்து பாருங்கள்.