என்ஜின் பெருசு, சரி. டிரைவ் தாங்குமா?

ஆர்.கே.பேட்டையில இருந்து கேக்குறவங்களுக்கு, 'தறி ஓடுற ஊர்ல ஸ்பீட் போட் கதை எதுக்கு?'ன்னு தோணலாம். நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான் எல் அண்ட் டி-யோட காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளம் இருக்கு. கடலோரக் காவல்படைக்கு அந்த நிறுவனம் கட்டின இன்டர்செப்டர் படகுகள் 45 நாட், அதாவது மணிக்கு 83 கிலோமீட்டர் போகும். வெளிய சுத்துற புரொப்பல்லர் கிடையாது, வாட்டர் ஜெட்.

தனியார் வேகப் படகுகள்ல ஸ்டெர்ன் டிரைவ் அதிகம். என்ஜின் உள்ள, கியர் பெட்டி பின்னால வெளிய. சக்தி ரெண்டு தடவை 90 டிகிரி திரும்பித்தான் புரொப்பல்லருக்குப் போகுது. 500 குதிரைசக்தி என்ஜின் 5,000 ஆர்.பி.எம்.ல சுமார் 710 நியூட்டன் மீட்டர் டார்க் தரும். கியர் விகிதம் 1.5னா, கடைசி ஷாஃப்ட்ல அது 1,000ஐத் தாண்டிடும்.

ஆனா பல்லை உடைக்கிறது பெரும்பாலும் அலைதான். படகு எகிறும்போது புரொப்பல்லர் காத்துல தறிகெட்டுச் சுத்தும். திரும்பத் தண்ணியில விழுற நொடியில அந்த அடி முழுக்க கியர்ல இறங்கும். அதனால ஏரியில தாங்குற டிரைவ் கடல்ல தாங்கணும்னு இல்ல. குதிரைசக்தியோட படகு எடை, ஓட்டுற இடம், எகிறும்போது த்ராட்டிலைக் குறைக்கிற பழக்கம் எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

அடுத்த படி? மெர்க்குரூசர் பிராவோ வெச்சிருந்தா, அதே வரிசையில கியர் பலமான எக்ஸ்.ஆர். இன்னும் மேல போனா, ஆர்னெசன் மாதிரி சர்ஃபேஸ் டிரைவ்: 90 டிகிரி திருப்பமே இல்ல, ஆனா மெதுவா ஓட்டுறதும் ரிவர்ஸும் சிரமம்.

காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி கியர் ஆயிலை வடிச்சுப் பாருங்க. இரும்புத் துகள் மின்னினா பல் தேயுது. பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி புகுந்திருக்கு. நடுக்கடல்ல தெரிய வர்றதைவிட கரையில தெரியறது நல்லதுதானே?