கைச்சங்கிலி

கைச்சங்கிலி என்பது சிறு கண்ணிகளை ஒன்றோடொன்று கோத்து, இரு முனைகளையும் ஒரு கொக்கியால் இணைத்து, மணிக்கட்டில் அணியும் நகை ஆகும். தமிழ்நாட்டு நகைக்கடைகளிலும் பேச்சு வழக்கிலும் இதை பிரேஸ்லெட் என்றே சொல்கிறார்கள். வளையல், காப்பு, கங்கணம் ஆகியவையும் கையில் அணிபவைதாம். ஆனால் அவை விறைப்பான வளையங்கள், கை வழியாக நுழைத்துப் போடப்படுபவை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி அணியும் கை அணிகளிலும் வளைகளே மிகுதி. கைச்சங்கிலி வளைந்து கொடுக்கும். மணிக்கட்டைச் சுற்றிப் போட்டுக் கொக்கியை மாட்டவேண்டும்.

இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் வாங்குபவர் கவனிக்கவேண்டிய எல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது. வளையல் நெளியலாம், எளிதில் கழன்று விழாது. கைச்சங்கிலியோ ஒரு கண்ணி விட்டுப்போனாலும் முழுவதும் கையிலிருந்து நழுவிவிடும். கழுத்துச் சங்கிலி அறுந்தால் பெரும்பாலும் ஆடையில் தங்கி நிற்கும். கையிலிருந்து விழுவது தரைக்குத்தான் போகும், பேருந்து இரைச்சலில் விழுந்த ஓசைகூடக் கேட்காது. எனவே கடையில் வேலைப்பாட்டைப் பார்ப்பதற்கு முன் கொக்கியைப் பார்ப்பதே முறை.

கொக்கியும் கடைசி வளையமும்

கடைகளில் அதிகம் கிடைப்பவை நான்கு வகைக் கொக்கிகள். எஸ் கொக்கி பழைய முறை. எஸ் வடிவத்தில் வளைத்த தடித்த கம்பி. இதில் கெட்டுப்போக எதுவும் இல்லை, ஆனால் நாளடைவில் வாய் விரியும். வாரம் ஒருமுறை வாயைப் பார்த்துக்கொண்டால் நெடுநாள் உழைக்கும். வட்ட ஸ்பிரிங் கொக்கி மெல்லிய சங்கிலிகளில் வருவது. இதன் உள்ளே இருக்கும் சுருள்வில் பெரும்பாலும் எஃகால் ஆனது. மென்மையான தங்கத்தில் அந்த வில்லைச் செய்தால் அது திரும்பத் தன் நிலைக்கு வராது. வியர்வையும் சோப்பும் உள்ளே புகுந்து இந்த வில் தளர்வதே இவ்வகையின் குறை. லாப்ஸ்டர் எனப்படும் நண்டுக்கால் வடிவக் கொக்கி அளவில் சற்றுப் பெரியது, பிடிப்பும் கூடுதல். அன்றாட அணிதலுக்கு இதுவே ஏற்றது. அகலமான சங்கிலிகளில் ஒரு நாக்கு பெட்டிக்குள் சென்று பூட்டிக்கொள்ளும் பெட்டிப் பூட்டு இருக்கும். பூட்டும்போது ‘டக்’ என்ற ஒலி கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நாக்கு தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கொக்கி நன்றாக இருந்தும் சங்கிலி தொலைவது உண்டு. கொக்கியைச் சங்கிலியோடு இணைக்கும் சிறு வளையம் பல நேரங்களில் பற்றவைக்கப்படாமல் வெறுமனே அழுத்தி மூடப்பட்டிருக்கும். இழுவை வந்தால் முதலில் வாய் திறப்பது அதுதான். அந்த வளையத்தின் சேர்க்கையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, கோடு தெரிந்தால் பற்றவைத்துத் தரச் சொல்லவேண்டும். ஒரு பட்டறையில் சில நிமிடங்களில் முடியும் வேலை இது. கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் செய்து தருவதில்லை. விலை கூடிய சங்கிலியாக இருந்தால் கொக்கியின் இருபுறமும் ஒரு மெல்லிய பாதுகாப்புச் சங்கிலி சேர்த்துக்கொள்ளலாம். கொக்கி திறந்தாலும் நகை கையிலேயே தொங்கும்.

கண்ணி வகைகள்

நீள்வட்டக் கண்ணிகள் மாறி மாறிக் கோத்தது கேபிள். அதையே முறுக்கித் தட்டையாக்கி, மணிக்கட்டில் படியச் செய்தது கர்ப். மூன்று சிறு கண்ணிகளுக்கு ஒரு நீளக் கண்ணி வீதம் வருவது ஃபிகாரோ. இவை மூன்றும் அறுந்தால் ஒட்டக்கூடியவை, ஒரு கண்ணியை மட்டும் மாற்றவும் முடியும். கயிறு போல முறுக்கிய ரோப் பார்வைக்கு அழகு, நடுவில் விட்டால் ஒட்டிய இடம் தெரியும். பாம்புச் சங்கிலி எனப்படும் வழவழப்பான வகையை ஒருமுறை மடித்துவிட்டால் அந்த மடிப்புத் தழும்பு போகாது. மேசையில் கையை ஊன்றி எழுதுபவருக்கு அது ஒத்துவராது.

உள்ளே கூடான கண்ணிகளால் ஆன சங்கிலிகளும் விற்கப்படுகின்றன. தடிமனாகத் தெரியும், எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் மேல் தகடு மெல்லியதாக இருப்பதால் எளிதில் நசுங்கும். நசுங்கியதைப் பழையபடி நிமிர்த்துவது கடினம். திருமணம், பிறந்தநாள் என்று ஆண்டுக்குச் சில நாள் போட இது போதும். தினமும் போட அதே எடையில் மெல்லிய, உள்ளே கெட்டியான சங்கிலியே மேல்.

மெல்லியது என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. கம்பியின் விட்டம் பாதியானால் அதன் குறுக்குப் பரப்பு கால் பங்காகிவிடும். 1 மி.மீ. கம்பி தாங்கும் இழுவையில் நான்கில் ஒரு பங்கைத்தான் 0.5 மி.மீ. கம்பி தாங்கும். மேலும் கண்ணியும் கண்ணியும் உராயும் வளைவுகளில்தான் தேய்மானம் முழுவதும் நிகழ்கிறது. பல ஆண்டு அணிந்த சங்கிலியைச் சற்று விரித்துப் பார்த்தால் அந்த இடங்கள் மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

அளவு எடுத்தல்

மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே ஒரு நூலைச் சுற்றி, அதை அளவுகோலில் வைத்துப் பார்த்தால் மணிக்கட்டின் சுற்றளவு கிடைக்கும். அதனோடு 1.5 முதல் 2 செ.மீ. கூட்டினால் சங்கிலியின் நீளம். போட்டபின் ஒரு விரல் உள்ளே நுழையவேண்டும். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் சங்கிலி புறங்கைக்கு இறங்கி எல்லாவற்றிலும் மாட்டும். கடைகளில் பெண்களுக்கு 7 அங்குலமும் ஆண்களுக்கு 8 அங்குலமும் பொது அளவாக வைத்திருப்பார்கள். இவை ஏறத்தாழ 18, 20 செ.மீ.

பலர் ஏமாறும் இடம் தடிமன். சங்கிலியை நீட்டி அளக்கும் நீளம் அதன் மையக்கோட்டின் நீளம். கையைச் சுற்றும்போது உட்புறச் சுற்றளவு அதைவிடக் குறையும். குறைவது தடிமனைப் போல் ஏறத்தாழ 3.14 மடங்கு. 17 செ.மீ. நீளமுள்ள 1.5 மி.மீ. சங்கிலியின் உட்சுற்றளவு சுமார் 16.5 செ.மீ. இருக்கும். அதே நீளத்தில் 5 மி.மீ. தடிமன் என்றால் 15.4 செ.மீ.தான் மிஞ்சும். 15 செ.மீ. மணிக்கட்டுக்கு முதலாவது இதமாக இருக்கும், இரண்டாவது இறுக்கிப் பிடிக்கும். வெயில் நாட்களிலும் மாலை நேரத்திலும் கை சற்று உப்பும் என்பதால், காலையில் சரியாக இருந்தது மாலையில் தடம் பதிக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கு முனையில் சில கூடுதல் வளையங்கள் வைத்து வாங்குவது வழக்கம். கைக்குழந்தைக்குத் தொங்கும் மணிகள் வேண்டாம். கழன்றால் நேரே வாய்க்குத்தான் போகும்.

உலோகமும் முத்திரையும்

22 காரட் என்பது 1000 பங்கில் 916 பங்கு தங்கம். நிறம் நன்று, மறுவிற்பனையும் எளிது, ஆனால் மென்மையானது. 18 காரட்டில் தங்கம் 750 பங்கு. மற்ற உலோகங்கள் கூடுவதால் அது கடினமாகிறது, கற்களை நன்கு பிடித்துக்கொள்கிறது. கல் பதித்த மெல்லிய கைச்சங்கிலியை 22 காரட்டிலேயே வேண்டும் என்று கேட்பதில் பெரிய பொருள் இல்லை.

இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான தங்க நகைகளை ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு இல்லாமல் கடைகள் விற்கக்கூடாது. பி.ஐ.எஸ். சின்னம், தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த இந்தக் குறியீடு ஆகிய மூன்றும் நகையில் இருக்கவேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் குறியீட்டை இட்டால் நகையின் வகையும் தூய்மையும் தெரியும். வளையலைச் சோதிக்கும்போது செயலி மோதிரம் என்று காட்டினால் கேள்வி கேட்கவேண்டும். 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை; குழந்தைகளின் கைச்சங்கிலி பல இந்த வரம்புக்குள் வரும். கைச்சங்கிலியில் முத்திரை பெரும்பாலும் கொக்கியிலோ அதன் அருகிலுள்ள சிறு தகட்டிலோ இருக்கும். பின்னாளில் கொக்கியை மாற்றினால் முத்திரையும் அதோடு போய்விடலாம். பில்லைப் பத்திரப்படுத்த இது ஒன்றே போதுமான காரணம்.

‘கேடிஎம் நகையா?’ என்று கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது தூய்மைக் குறி அன்று. காட்மியம் கலந்த பற்றாசால் ஒட்டப்பட்டது என்பதே அதன் பொருள். காட்மியம் 321 டிகிரி செல்சியசிலேயே உருகுவதால் வேலை எளிதாக இருந்தது, ஆனால் அதன் புகை பொற்கொல்லர்களின் நுரையீரலைக் கெடுத்தது. கண்ணிக்குக் கண்ணி பற்றவைக்கும் சங்கிலி வேலையில் அந்தப் புகையை நாள் முழுவதும் முகர்ந்தவர்கள் அவர்கள்தாம்.

விலையில் செய்கூலியும் சேதாரமும் முக்கியம். 8 கிராம், அதாவது ஒரு பவுன் சங்கிலிக்கு 15 விழுக்காடு சேதாரம் என்றால் 9.2 கிராமுக்குப் பணம் கொடுக்கிறோம். திரும்ப விற்கும்போது 8 கிராமுக்கே மதிப்பு. நுண்ணிய வேலைப்பாட்டுக்குச் சேதாரம் கூடும். கல் வைத்ததாக இருந்தால் கல்லின் எடையைக் கழித்த நிகர எடை பில்லில் தனியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

வெள்ளிக் கைச்சங்கிலி கறுப்பதற்கு உடற்சூடு காரணம் என்பார்கள். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்ஃபைடு உண்டாவதே உண்மைக் காரணம். அது நோயின் அறிகுறி அன்று. பெட்டியில் கிடப்பதைவிட அணிந்துகொண்டிருப்பது, உராய்வதால், குறைவாகவே கறுக்கும்.

சிதம்பரம் கவரிங் போன்ற பூச்சு நகைகள் விசேஷ நாட்களுக்குச் சிக்கனமான வழி. பூச்சு தேயும்போது அடியிலுள்ள உலோகம் தோலில் படும். அதில் நிக்கல் இருந்தால் சிலருக்குக் கொக்கி படும் இடத்தில் அரிப்பும் தடிப்பும் வரும்.

அன்றாடமும் விசேஷமும்

தினமும் அணிய, தட்டையாகப் படியும், தொங்கல்கள் இல்லாத ஒற்றைச் சங்கிலி போதும். எழுதும் கையைவிட மற்றக் கையில் அணிந்தால் தேய்மானம் குறையும். அந்தக் கையில் கைக்கடிகாரம் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடுவதைத் தவிர்க்கலாம். எஃகு உரசி தங்கத்தில் கோடு விழும். கண்ணாடி வளையலும் தங்கத்தைவிடக் கடினம் என்பதால் அதற்கும் இதே விதி. தையல் இயந்திரம், கடைசல் இயந்திரம், கிரைண்டர், மின்வேலை ஆகியவற்றின் முன் கைச்சங்கிலியைக் கழற்றியே ஆகவேண்டும். அங்கே உறுதியான சங்கிலிதான் கூடுதல் ஆபத்து. அறுகிறது என்றால் கை தப்பும்.

திருமண வீடுகளில் பட்டுப்புடவை முதல் கவலை. திறந்த கண்ணிகளும் தொங்கும் மணிகளும் சரிகை இழையைப் பிடித்து இழுத்துவிடும். பட்டுக்குப் பெட்டிக் கண்ணி, பாம்புச் சங்கிலி போன்ற வழவழப்பான வகைகள் ஏற்றவை. ஒரு கை நிறைய வளையல் போட்டால் மறு கையில் கைச்சங்கிலி ஒன்றே எடுப்பாக இருக்கும். மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் போடும் பிரேஸ்லெட்டில் பெரும்பாலும் அகலம்தான் பார்க்கப்படுகிறது. கூட்டத்தில் கை குலுக்கியே பொழுது போகும் அந்த நாளில் உண்மையில் வேண்டியது நல்ல பூட்டு. ஒற்றை ஆளாக அணிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு முனை வளையத்தில் ஊக்கு ஒன்றைக் கோத்து, ஊக்கின் மறுமுனையை அதே கையின் விரல்களால் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டால் மற்றக் கையால் கொக்கியை மாட்டிவிடலாம்.

பராமரிப்பு

பூந்திக்கொட்டை ஊறவைத்த வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் போட்டு, மென்மையான தூரிகையால் கண்ணி இடுக்குகளைத் தேய்த்துக் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு போகும். முத்து கோத்ததை ஊறவைக்கக்கூடாது. பற்பொடி கீறும். குளோரின் கலந்த நீச்சல் குளத்துக்கும் பிளீச்சிங் பவுடர் வேலைக்கும் முன் கழற்றவேண்டும். உடைந்த வெப்பமானியின் பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஆசாரியிடம் கொடுத்துக் கொக்கியையும் முனை வளையங்களையும் பார்க்கச் சொல்லலாம். அறுந்துவிட்டால் நூலால் கட்டி அணியாமல், விழுந்த கண்ணிகளையும் பொறுக்கி ஒரு தாளில் மடித்து எடுத்துச் செல்லவேண்டும். பட்டறையில் கொடுப்பதற்கு முன் கண்முன்னே எடை போட்டுக் குறித்துக்கொண்டு, வாங்கும்போது மறுபடி எடை போட்டுப் பார்ப்பது வழக்கம். பொடி வைத்து ஒட்டியதால் எடையில் சிறு மாற்றம் இருக்கும். அது எவ்வளவு என்று கேட்டால் நல்ல ஆசாரி தயங்காமல் சொல்வார்.